மிகைத்துடிப்பும் உறுதிநிலையும்: மேசைக் கணனிச் செயலி பற்றியதொரு நோக்கு

1984ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட 'பீசி ஏ.ரி.' என்னும் மேசைக் கணனியின் தாய்ப்பலகையில், 12 மெகாஹேட்ஸ் மீடிறனுடன் அதிரும் குவாட்சுப் பளிங்கொன்று கழற்றி மாற்றத்தக்க வகையில் பொருத்தப்பட்டிருந்தது. அம்மீடிறன் இரண்டால் வகுக்கப்பட்டு, 80286 என்னும் செயலிக்கு 6 மெகாஹேட்ஸ் துடிப்பாக வழங்கப்பட்டது. அப்பளிங்கைக் கழற்றிவிட்டு 16 மெகாஹேட்ஸ் பளிங்கொன்றைச் செருகியவர்கள், தமது கணனி 8 மெகாஹேட்ஸில், அதாவது மூன்றிலொரு பங்கு கூடிய வேகத்தில், எவ்வித முறைப்பாடுமின்றி இயங்கக் கண்டனர். நிறுவனமோ இதனை விரும்பவில்லை. பின்னர் வந்த பயோஸ் செய்நிரலில், துடிப்பின் வேகத்தை அளந்து, விதித்த எல்லை மீறப்பட்டிருப்பின் கணனியைத் தொடங்கவிடாத சோதனையொன்றை அது சேர்த்தது. 1986இல் அந்நிறுவனமே 8 மெகாஹேட்ஸில் இயங்கும் ஏ.ரி. கணனியொன்றை விற்பனைக்கு விட்டதென்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

தயாரிப்பாளர் குறித்த மீடிறனுக்கு மேலாகச் செயலியொன்றை இயக்குதல் 'ஓவர்குளொக்கிங்' எனப் பொதுவாக வழங்கப்படுகின்றது. கடிகாரத் துடிப்பை மிகைப்படுத்துவதே இங்கு நிகழ்வதாகலின், இக்கட்டுரையில் இதனை 'மிகைத்துடிப்பு' எனக் குறிப்பிடுவோம். மிகைத்துடிப்பை எவ்வாறு செய்வது என்பதிலும் பார்க்க, அவ்வாறு செய்யப்பட்ட கணனி 'உறுதியாக இயங்குகின்றது' என்று நாம் எப்பொழுது கூறலாம் என்பதே எம்மைக் கூடுதலாகக் கவர்ந்த வினாவாகும். கணனி நின்றுபோகாதிருத்தலும் அது தரும் விடை சரியாயிருத்தலும் ஒன்றல்ல. பல்கலைக்கழகத்திற் கணனியைக் கணிப்பிற்குப் பயன்படுத்துவோர்க்கு இவ்வேறுபாடு முக்கியமானது.

செயலியின் உள்ளே நிகழ்வதை முதலில் நோக்குவோம். செயலியெங்கும் 'பிளிப்பிளொப்' எனப்படும் இருநிலைச் சுற்றுகள் பரந்துள்ளன. ஒவ்வொரு துடிப்பின்போதும் இவை தமது உள்ளீட்டிலுள்ள பெறுமானத்தை, அது பூச்சியமாயினும் ஒன்றாயினும், பற்றிக்கொண்டு அடுத்த துடிப்புவரை வைத்திருக்கும். இத்தகைய இரு சுற்றுகளுக்கிடையே தருக்கப் படலைகள் பல தொடராக அமைந்திருக்கும். ஒரு துடிப்பில் முதற் சுற்றிலிருந்து புறப்படும் சைகை, இடைப்பட்ட படலைகள் அனைத்தையுங் கடந்து, அடுத்த துடிப்பு வருவதற்குச் சற்று முன்னரே இரண்டாஞ் சுற்றின் வாயிலை அடைந்து நிலைபெற்றிருத்தல் வேண்டும். 4 கிகாஹேட்ஸ் மீடிறனில் இரு துடிப்புகளுக்கிடைப்பட்ட காலம் 250 பிக்கோசெக்கன். 5 கிகாஹேட்ஸில் அது 200 பிக்கோசெக்கனாகக் குறையும். வெற்றிடத்தில் ஒளியே 200 பிக்கோசெக்கனில் 6 சென்ரிமீற்றர் தூரத்தை மாத்திரமே கடக்கவல்லது.

செயலியிலுள்ள எண்ணற்ற பாதைகளுள் மிகவும் மந்தமானது எதுவோ அதுவே செயலி முழுவதினதும் உச்ச மீடிறனைத் தீர்மானிக்கின்றது. மீடிறனைச் சிறிது சிறிதாக உயர்த்துமிடத்து, ஒரு கட்டத்தில் அப்பாதையினூடு வரும் சைகை பிந்திவிடும். இரண்டாஞ் சுற்று புதிய பெறுமானத்திற்குப் பதிலாகப் பழைய பெறுமானத்தைப் பற்றிக்கொள்ளும். ஆயின், அம்மந்தமான பாதையை எல்லாக் கட்டளைகளும் பயன்படுத்துவதில்லை. ஒரு குறித்த பெருக்கற் கட்டளை, அதுவும் குறித்த சில எண்கள் உள்ளீடாக வரும்போது மாத்திரமே, அப்பாதையை முழு நீளத்திற்கும் பயன்படுத்தக்கூடும். ஆகவே எல்லையை மீறிய செயலியானது நாள் முழுவதுஞ் செவ்வனே இயங்கி, ஏதோவொரு கணத்தில், ஏதோவொரு கட்டளையில், ஓர் இருமவிலக்கத்தை மாத்திரம் தவறாகத் தரலாம்.

அவ்வாறாயின் குறித்த மீடிறனுக்கு மேல் இயங்குவதற்கு இடமே இருப்பது எங்ஙனம்? ஒரே சிலிக்கன் தட்டிலிருந்து வெட்டியெடுக்கப்படும் சில்லுகள்கூட ஒரே தன்மையனவல்ல. தயாரிப்பாளர் ஒவ்வொன்றையுஞ் சோதித்துத் தரம் பிரிக்கின்றார். உயர்ந்த வெப்பநிலை, தாழ்ந்த வோல்ற்றளவு, ஆண்டுகள் பல கழிந்தபின் ஏற்படும் தேய்வு ஆகிய அனைத்தையும் முன்கூட்டியே கருத்திற்கொண்டு ஓர் இடைவெளி விட்டே மீடிறன் பொறிக்கப்படுகின்றது. இது பொறியியற் காரணம். இதனுடன் வணிகக் காரணமும் உண்டு. மலிவான செயலிகளுக்குச் சந்தையில் வேண்டுகை கூடுதலாக இருக்குமிடத்து, விரைவாக இயங்கவல்ல சில்லுகளும் தாழ்ந்த மீடிறன் பொறிக்கப்பட்டு விற்பனைக்கு அனுப்பப்படுவதுண்டு.

இவ்வணிகக் காரணத்திற்கு 1998 ஓகத்தில் இன்ரெல் வெளியிட்ட 'செலரோன் 300ஏ' போன்ற தெளிவான சான்று வேறில்லை. அதே ஆண்டு ஏப்பிரிலில் வந்த முதலாவது செலரோனில் இரண்டாம் நிலைக் கேச் நினைவகம் அறவே இல்லை. இதனால் அது பெரிதும் குறைகூறப்பட்டது. அக்குறையை நீக்கும் பொருட்டு 300ஏயில் 128 கிலோபைற்றுக் கேச் நினைவகம் செயலியின் சில்லிலேயே பதிக்கப்பட்டு, செயலியின் முழு வேகத்தில் இயங்குமாறு அமைக்கப்பட்டது. விலையிற் சில மடங்கு உயர்ந்த பென்ரியம் 2 செயலியிலோ 512 கிலோபைற்றுக் கேச் நினைவகம் தனிச் சில்லுகளில் இருந்தது. அது செயலியின் அரை வேகத்திலேயே இயங்கியது. செயலியை விரைவுபடுத்தும்போது அத்தனிச் சில்லுகளும் ஈடுகொடுக்க வேண்டியிருந்தமையால் பென்ரியம் 2இன் மிகைத்துடிப்பு பல வேளைகளில் அவற்றாலேயே தடைப்பட்டது. மலிவான செயலிக்கு அத்தடை இல்லை! சிக்கனங் கருதிச் செய்த அமைப்பே அதன் பலமாயிற்று.

300ஏயின் பெருக்கி 4.5 ஆகப் பூட்டப்பட்டிருந்தது. முகப்புப் பாட்டையின் மீடிறனாகிய 66 மெகாஹேட்ஸை இதனாற் பெருக்க 300 கிடைக்கும். பாட்டையை 100 மெகாஹேட்ஸிற்கு உயர்த்தினால் 450 கிடைக்கும். அந்நாளிற் கடைகளிலிருந்த அதியுயர் பென்ரியம் 2இன் மீடிறனும் அதுவே. இரண்டும் 250 நனோமீற்றர்த் தொழினுட்பத்தில் ஆனவையாதலின், 300ஏ செயலிகளிற் பெரும்பாலானவை 450ஐ எட்டியதில் வியப்பில்லை. பாட்டையின் மீடிறனைத் தெரிவுசெய்ய இடந்தராத தாய்ப்பலகைகளை உடையோர், செயலியின் பொருத்துமுனைகளுள் பி21 என்னும் ஒன்றைச் சிறு ஒட்டுநாடாத் துண்டினால் மறைத்தனர். அம்முனை தொடர்பற்றிருப்பின் 100 மெகாஹேட்ஸ் வேண்டப்படுவதாகத் தாய்ப்பலகை விளங்கிக்கொண்டது.

இங்கே உறுதிநிலை பற்றிய ஒரு நுட்பமான பாடம் உளது. முகப்புப் பாட்டையின் துடிப்பிலிருந்தே பி.சி.ஐ. பாட்டையின் துடிப்பும் வகுத்துப் பெறப்பட்டது. 66இல் அது இரண்டால் வகுக்கப்பட்டு 33 மெகாஹேட்ஸ் ஆயிற்று. பாட்டையை 75இற்கு உயர்த்தினால் பி.சி.ஐ. 37.5 ஆகும், 83இற்கு உயர்த்தினால் 41.5 ஆகும். வன்றட்டின் கட்டுப்படுத்தியும் இதனோடு பிணைந்திருந்தமையால், 83இல் ஓடிய கணனிகளிற் செயலி நன்றாயிருக்கவே வன்றட்டிலுள்ள கோப்புகள் சிதைந்தன. 100இலோ 440பீ.எக்ஸ். சில்லுத்தொகுதி மூன்றால் வகுத்தது, பி.சி.ஐ. தனக்குரிய 33இற்கே மீண்டது. ஆகவே 375 மெகாஹேட்ஸில் தள்ளாடிய கணனி 450இல் உறுதியாக நின்றதும் உண்டு. கணனி வீழ்ந்தவுடன் செயலியையே குற்றஞ்சாட்டுதல் தகாது என்பதற்கு இதனினுஞ் சிறந்த உதாரணம் எமக்குத் தெரியவில்லை. 2011இல் வந்த 'சாண்டி பிறிட்ஜ்' செயலிகளில் அடிப்படைத் துடிப்பு ஏனைய பாட்டைகள் யாவற்றோடும் இறுகப் பிணைக்கப்பட்டமையால், அதனைச் சில சதவீதத்திற்கு மேல் உயர்த்துதல் இயலாதாயிற்று. பெருக்கி பூட்டப்படாத, 'கே' என்னும் எழுத்துடன் முடியும் செயலிகளைக் கூடிய விலைக்கு வாங்குவோரே அதன்பின் மிகைத்துடிப்பில் ஈடுபட முடிந்தது. ஒட்டுநாடாவின் காலம் அத்துடன் முடிந்தது.

இனி, வோல்ற்றளவையும் வெப்பத்தையும் நோக்குவோம். திரான்சிற்றர் ஒன்று நிலைமாறும்போது அதன் வெளியீட்டிலுள்ள சிறு கொள்ளளவம் மின்னேற்றப்படவோ இறக்கப்படவோ வேண்டும். வோல்ற்றளவை உயர்த்தினால் மின்னோட்டம் கூடி இச்செயல் விரைவாக முடியும். மந்தமான பாதை சற்று விரைவாகும். அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. நிலைமாற்றத்தாற் செலவாகும் வலு, கொள்ளளவத்திற்கும் மீடிறனுக்கும் நேர்விகித சமனாகவும், வோல்ற்றளவின் வர்க்கத்திற்கு நேர்விகித சமனாகவும் மாறுகின்றது. ஓர் உதாரணம் காண்போம். 4.0 கிகாஹேட்ஸில் 1.20 வோல்ற்றுடன் இயங்கி 100 வாற்று வலுவைச் செலவிடும் செயலியை, 1.35 வோல்ற்றுக் கொடுத்து 4.8 கிகாஹேட்ஸில் இயக்குகின்றோம் எனக் கொள்வோம். மீடிறன் 1.2 மடங்காயிற்று. வோல்ற்றளவு 1.125 மடங்காயிற்று, அதன் வர்க்கம் ஏறத்தாழ 1.27. இரண்டையும் பெருக்க 1.52 வருகின்றது. அதாவது ஐந்திலொரு பங்கு வேகத்திற்காக அரைப் பங்கிற்கு மேற்பட்ட வலுவை மேலதிகமாகச் செலவிடுகின்றோம். நிலைமாற்றமின்றியே கசியும் மின்னோட்டத்தை இக்கணக்கிற் சேர்க்கவில்லை. அதுவும் வோல்ற்றளவோடும் வெப்பநிலையோடும் விரைந்து பெருகுவது; வெப்பநிலை உயரக் கசிவு கூடும், கசிவு கூட வெப்பநிலை மேலும் உயரும்.

சில்லிலிருந்து அறை வளிக்கு வெப்பம் செல்லும் பாதையின் மொத்த வெப்பத்தடையை வாற்றுக்கு 0.35 பாகை சதமமெனக் கொண்டால், 100 வாற்றுச் செயலி அறையிலும் பார்க்க 35 பாகை சூடாயிருக்கும். 152 வாற்றுச் செயலி 53 பாகை சூடாயிருக்கும். அறையின் வெப்பநிலை 18 பாகையாயின் பின்னது 71 பாகையில் நிற்கும். எமது நாட்டிற் குளிரூட்டியில்லாத அறையொன்றின் 30 பாகையில் அது 83 பாகையாகும். குளிர்நாடுகளிற் செய்யப்பட்டு வெளியிடப்படும் அளவீடுகளைப் பார்த்து அவற்றையே இங்கு எதிர்பார்ப்போர் இப்பன்னிரண்டு பாகையை மறந்துவிடுகின்றனர். குளிர்ந்த நேரத்திற் சோதனை செய்து திருப்தியடைதலும் இதனையொத்ததே. சித்திரை மாதத்து நண்பகலிற் செய்யப்படும் சோதனையே நம்பத்தக்கது.

செயலியை அறை வெப்பநிலையிலும் தாழக் குளிர்விக்கும் உபாயங்களுக்கும் எமது காலநிலை உகந்ததன்று. 30 பாகையும் 75 சதவீத ஈரப்பதனும் உள்ள வளியின் பனிபடுநிலை ஏறத்தாழ 25 பாகை. அதற்குக் கீழே குளிர்ந்த எப்பரப்பிலும் நீர் ஒடுங்கித் தாய்ப்பலகைமீது சொட்டும். திரவ நைதரசனையும் திரவ ஹீலியத்தையும் ஊற்றி நிலைநாட்டப்படும் சாதனைகள் வேறு வகையின. 2011இல் ஏ.எம்.டி.யின் எப்.எக்ஸ். செயலியொன்று 8.4 கிகாஹேட்ஸைத் தாண்டியதும், பின்னர் இன்ரெலின் செயலியொன்று 9 கிகாஹேட்ஸைத் தாண்டியதும் அவ்வாறே. மீடிறனைப் பதிவுசெய்வதற்கு வேண்டிய சில கணங்களே அங்கு இயக்கம் நிலைத்தாற் போதும். அது விளையாட்டு, நன்றாகவே விளையாடப்படுகின்றது. எமது விடயம் அதுவன்று.

பயோஸிற் குறித்த வோல்ற்றளவு செயலிக்கு அப்படியே சென்றடைவதில்லை என்பதைப் புதியவர்கள் பலர் அறியார். வழங்கற் பாதையின் பயன்படு தடை ஒரு மில்லியோம் எனக் கொள்வோம். மிகச் சிறிய தடையே. ஆயின் இன்றைய செயலி முழுச் சுமையில் 160 அம்பியர் வேண்டக்கூடியது. 160ஐ ஒரு மில்லியோமாற் பெருக்க 0.16 வோல்ற்று வீழ்ச்சி வரும். பயோஸில் 1.35 என்று எழுதியிருக்கச் செயலியிடம் 1.19 மாத்திரமே எஞ்சுகின்றது. சுமை சடுதியாக மாறும் கணத்தில், பாதையின் தூண்டற்றிறன் காரணமாக வோல்ற்றளவு இதனினுங் கீழே தாழ்ந்து பின்னர் மீளும். உறுதியின்மை தலைகாட்டுவது பெரும்பாலும் இக்கணத்திலேயே. இவ்வீழ்ச்சியை ஈடுசெய்வதற்குத் தாய்ப்பலகைகளிற் 'லோட்லைன்' என்னும் தெரிவு உண்டு. அதனை உச்சத்தில் வைத்துவிட்டாற் பிரச்சினை தீர்ந்ததெனக் கருதுவோர் உளர். அது தவறு. சுமை சடுதியாக நீங்கும்போது வோல்ற்றளவு குறித்த பெறுமானத்தையும் மீறி மேலெழும். அவ்வெழுச்சி மிகக் குறுகியதாகலின் மென்பொருள் காட்டும் அளவீட்டில் தென்படுவதில்லை. சில்லோ அதனைத் தாங்கியாக வேண்டும். வீழ்ச்சியை ஓரளவு ஏற்றுக்கொண்டு, நடுத்தர ஈட்டுடன் அமைதலே நன்றென்பது எமது கருத்து.

உறுதிநிலையைச் சோதிக்கும் முறைகளுக்கு வருவோம். இங்கே பெரும் புகழ் பெற்ற 'பிறைம்95' என்னும் செய்நிரல் இதற்கென எழுதப்பட்டதன்று. மேசென் முதன்மை எண்களைத் தேடும் பொருட்டு ஜோர்ஜ் வோல்ற்மன் 1996இல் தொடங்கிய கூட்டு முயற்சியின் கருவி அது. பல இலட்சம் இலக்கங்களைக் கொண்ட எண்களை வர்க்கிப்பதற்கு அது மிதவைப்புள்ளி எண்களாலான பூரியர் உருமாற்றத்தைப் பயன்படுத்துகின்றது. விடை முழுவெண்ணாக வரவேண்டுமாதலின், கிடைக்கும் ஒவ்வொரு பெறுமானமும் ஏதேனுமொரு முழுவெண்ணுக்கு மிக அண்மையில் இருத்தல் வேண்டும். விலகல் 0.4ஐ மீறினாற் கணிப்பில் எங்கோ பிழை நேர்ந்துவிட்டது என்பது தெளிவு. செயலியை உச்ச வெப்பநிலைக்குக் கொண்டுசெல்வதோடு, அது பிழை விட்டதா என்பதையும் விடையைக் கொண்டே காட்டித் தருவது இதன் சிறப்பு. வெறுமனே சூடாக்கும் சோதனையைக் காட்டிலும் விடையைச் சரிபார்க்கும் சோதனை எத்துணையோ மேலானது.

ஆயினும் இச்சோதனையில் ஓரிரவு முழுதும் தேறிய கணனி மறுநாட் காலையிற் கடிதமொன்றைத் தட்டச்சுச் செய்யும்போது வீழ்வதைக் கண்டு திகைப்போர் பலர். இதற்கு விளக்கம் உண்டு. 2008 தொடக்கம் இன்ரெல் செயலிகளிலும், பின்னர் ஏனையவற்றிலும், சுமைக்கேற்பத் தானாகவே மீடிறனை மாற்றும் ஏற்பாடு வந்துவிட்டது. எல்லாக் கருக்களும் உழைக்கும்போது மீடிறன் மட்டாகவே இருக்கும். ஒரேயொரு கரு சிறிது நேரம் உழைக்கும்போதே அது உச்ச மீடிறனைத் தொடும். வோல்ற்றளவைக் குறைத்து வைத்திருப்போர்க்கு ஆபத்து நேர்வதும் அப்பொழுதே. ஆகவே முழுச் சுமையில் ஒரு சோதனை, கருக்களை ஒவ்வொன்றாக எடுத்து இன்னொரு சோதனை, சுமை ஏறியிறங்குமாறு மற்றொன்று, நினைவகத்திற்குத் தனியானதொன்று என நான்கும் வேண்டும். அகன்ற ஏ.வீ.எக்ஸ். கட்டளைகளைக் கொண்டும் கொள்ளாதும் இரு வகையாகவுஞ் சோதித்தல் வேண்டும். அக்கட்டளைகள் வேண்டும் மின்னோட்டம் ஏனையவற்றிலும் பெரிது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் 'திருத்தப்பட்ட வன்பொருட் பிழை' என ஒரு வரி காணப்பட்டாலும், கணனி வீழாதிருந்த போதிலும், அதனை உறுதியானதென நாம் கொள்வதில்லை.

இவை வீணான அச்சங்களல்ல என்பதற்குச் சான்றுகள் உள. மைக்ரோசொவ்ற் நிறுவனத்தைச் சேர்ந்த றேமன்ட் சென் 2005இல் எழுதிய குறிப்பொன்று இத்துறையிற் பலரறிந்தது. விண்டோஸ் வீழும்போது அனுப்பப்படும் அறிக்கைகளை ஆராய்ந்தவிடத்து, வீழ்வதற்கு எவ்விதக் காரணமுமில்லாத கட்டளைகளிற் கணனிகள் வீழ்ந்திருந்தன. அவற்றுளொன்று, ஒரு பதிவகத்தைத் தன்னோடுதானே ஒப்பிட்டுப் பூச்சியமாக்கும் எளிய கட்டளை. அது நினைவகத்தையே தொடுவதில்லை. தவறுவதற்கு அதில் இடமுமில்லை. விசாரித்தபோது அவற்றுட் பல மிகைத்துடிப்பில் ஓடிய கணனிகளெனத் தெரியவந்தது. உரிமையாளர் சிலர் அதனை அறிந்திருக்கவுமில்லை. விற்றவரே வேகத்தைக் கூட்டி, கூடிய வேகமுடைய கணனியென விற்றிருந்தார். 2011இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த நைற்றிங்கேல், டவுசர், ஓர்கோவன் ஆகிய மூவரும் ஏறத்தாழப் பத்து இலட்சம் கணனிகளின் வீழ்ச்சி அறிக்கைகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை இதற்கு எண் வடிவம் கொடுத்தது. ஒரு தயாரிப்பாளரின் செயலிகளுள், குறித்த வேகத்தில் இயங்கியவற்றில் ஏறத்தாழ 400இல் ஒன்றும், மிகைத்துடிப்பில் இயங்கியவற்றில் ஏறத்தாழ 20இல் ஒன்றும் செயலிப் பிழையால் வீழ்ந்திருந்தன.

வீழ்ந்த கணனி தன் குற்றத்தைத் தானே அறிவித்துவிடுகின்றது. வீழாது பிழைவிடும் கணனியைப் பற்றி யாரும் அறிக்கை அனுப்புவதில்லை. எமது அனுபவமொன்றை ஈண்டுக் கூறலாம். நினைவகத்தின் வேகத்தைச் சற்றே கூட்டி வைத்திருந்த மேசைக் கணனியொன்றில் பல மாதங்கள் வேலை செய்தோம். ஒருமுறையேனும் அது நின்றதில்லை. ஒருநாள் சுருக்கி வைத்திருந்த பெரிய தரவுக் கோப்பொன்றை விரித்தபோது, கோப்பு பழுதடைந்துள்ளதெனச் செய்தி வந்தது. மீண்டும் விரித்தோம், அதே செய்தி, ஆனால் வேறோர் இடத்தில். மூன்றாம் முறை எவ்விதக் குறையுமின்றி விரிந்தது. கோப்புப் பழுதாயிருப்பின் மும்முறையும் ஒரே இடத்திற் பழுதாயிருக்க வேண்டுமல்லவா? நினைவகத்தைக் குறித்த வேகத்திற்கு இறக்கிய பின்னர் அப்பிழை மீளவில்லை. சுருக்கற் கோப்பில் மீதியைச் சரிபார்க்கும் எண் ஒன்று பொதிந்திருந்தமையாலேயே நாம் இதனை அறிந்தோம். அக்கணனியில் முன்னைய மாதங்களிற் செய்த கணிப்புகளுக்கு அத்தகைய சரிபார்ப்பு எதுவும் இருக்கவில்லை. அவற்றை முற்றாக மறுபடி செய்ய நேர்ந்தது. பெரும்பாலானவை சரியாகவே இருந்தன என்பது ஆறுதல். எவை சரியெனத் திருப்பிச் செய்யாமல் அறியமுடியாதிருந்ததே துன்பம்.

இன்னொரு விடயம் தேய்வு பற்றியது. இன்று உறுதியாக இயங்கும் அமைப்பு ஈராண்டின் பின்னரும் அவ்வாறே இயங்குமென்பதற்கில்லை. சில்லிலுள்ள நுண்ணிய உலோக இணைப்புகளினூடு பெருமின்னோட்டம் பாயும்போது, இலத்திரன்கள் உலோக அணுக்களைச் சிறிது சிறிதாகத் தள்ளிச் செல்கின்றன. இதனால் இணைப்பு அறுபடும் வரையிலான சராசரிக் காலத்தை ஜேம்ஸ் பிளாக் 1969இல் ஒரு சமன்பாடாகத் தந்தார். மின்னோட்ட அடர்த்தி இரட்டித்தால் ஆயுள் ஏறத்தாழ நான்கிலொன்றாகும். வெப்பநிலை கூட அது அடுக்குக்குறி முறையிற் குறையும். திரான்சிற்றரின் தொடக்க வோல்ற்றளவும், உயர்ந்த மின்புலத்தின் கீழ் நாளடைவில் நகர்ந்து, அதனை மந்தமாக்குகின்றது. தயாரிப்பாளர் விட்டுவைத்த இடைவெளியின் ஒரு பங்கு இத்தேய்விற்காகவே விடப்பட்டது. அதனை முதல் நாளிலேயே செலவிட்டுவிட்டவர், பின்னர் மாதந்தோறும் வோல்ற்றளவைச் சிறிது கூட்டவோ மீடிறனைக் குறைக்கவோ நேரிடும். கூட்டுதல் தேய்வை மேலும் விரைவுபடுத்துமாகையாற் குறைத்தலே அறிவுடைமை.

தயாரிப்பாளரே இவ்விடைவெளியைச் செலவிட்டால் என்னாகும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்றுண்டு. இன்ரெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைச் செயலிகளின் உயர்தர வகைகள் 5.5 முதல் 6 கிகாஹேட்ஸ் வரையிலான மீடிறன்களைத் தாமாகவே தொடுமாறு விற்கப்பட்டன. அவற்றை எவ்வித மாற்றமுஞ் செய்யாது பயன்படுத்தியவர்களின் கணனிகளிலும் விளையாட்டுச் செய்நிரல்கள் வீழ்ந்தன. காட்சி நினைவகம் போதாதென்று தொடர்பேயில்லாத பிழைச் செய்திகள் வந்தன. ஆகவே பலர் முதலிற் காட்சி அட்டைகளையே சந்தேகித்தனர். 2024இல் இன்ரெல் தனது ஆய்வின் முடிவை அறிவித்தது. செயலி தேவைக்கு மேற்பட்ட வோல்ற்றளவைக் கோரியமையால், கருவினுள்ளே கடிகாரத் துடிப்பைப் பகிர்ந்தளிக்கும் சுற்று தேய்வுற்றது. துடிப்பின் வடிவம் பிறழ்ந்து, இயங்குதற்கு வேண்டிய மிகக் குறைந்த வோல்ற்றளவு உயர்ந்துவிட்டது. அவ்வாண்டு ஓகத்திலும் செப்ரெம்பரிலும் நுண்கட்டளைத் திருத்தங்கள் வெளியிடப்பட்டு, உத்தரவாதக் காலமும் ஈராண்டால் நீடிக்கப்பட்டது. அத்திருத்தங்கள் மேலுந் தேய்வதைத் தடுக்கவல்லன, தேய்ந்ததை மீட்கமாட்டா. பழுதுற்ற செயலிக்கு மாற்றுச் செயலி பெறுவதே வழி.

இதனை நோக்குமிடத்து, 1998இல் ஒட்டுநாடாவாற் பெற்ற ஐம்பது சதவீத ஆதாயம் மீண்டும் வரப்போவதில்லை என்பது புலனாகும். இன்றைய செயலி தனது வெப்பநிலையையும் மின்னோட்டத்தையும் தானே அளந்து, எஞ்சியுள்ள இடைவெளியைத் தானே பயன்படுத்திக்கொள்கின்றது. மேலும் ஐந்து சதவீத வேகத்திற்காக வலுவை மூன்றிலொரு பங்கு கூட்டுவதிலும் பார்க்க, எதிர்த்திசையிற் செல்வதே எமக்கு நன்றாகப் படுகின்றது. வலுவின் உச்ச எல்லையைப் பயோஸிற் குறைத்து வைத்தால், வேகத்தில் ஒரு சிறு பங்கை இழந்து வெப்பத்திற் பெரும் பங்கைத் தவிர்க்கலாம். வர்க்க விதி இறங்கும்போதும் அதே விதிதான். வோல்ற்றளவை மாத்திரம் குறைக்க விழைவோர், அதுவும் மிகைத்துடிப்பைப் போல இடைவெளியைச் செலவிடும் செயலே என்பதை மறவாது, மேற்கூறிய நான்கு சோதனைகளையுஞ் செய்தல் வேண்டும்.

மிகைத்துடிப்பை இன்னும் விரும்புவோர், முதலில் எதனையும் மாற்றாது கணனியைச் சோதித்து அதன் வெப்பநிலைகளைக் குறித்துக்கொள்ளல் நன்று. பின் நினைவகத்தைத் தொடாது பெருக்கியை மாத்திரம் ஒவ்வொரு படியாக உயர்த்தி, பிழை தோன்றும் படியைக் கண்டு, அங்கிருந்து இரு படி கீழே இறங்கி நிற்றல் வேண்டும். ஒரு படியே போதுமென்பார் உளர். சித்திரையையும் தேய்வையும் அவர்கள் கணக்கிலெடுப்பதில்லை. நினைவகத்தைப் பின்னர் தனியாக எடுத்துக்கொள்ளலாம். டீ.டீ.ஆர்.5 நினைவகச் சில்லுகளில் உள்ளமைந்த பிழைதிருத்தம் இருப்பதால் அச்சமில்லையென்று சொல்லப்படுவதுண்டு. அத்திருத்தம் சில்லின் உள்ளே தேங்கியிருக்கும் தரவுக்கே காவல். சில்லுக்குஞ் செயலிக்குமிடையே விரையும் தரவுக்கு அது காவலன்று. வேகத்தைக் கூட்டும்போது தடுமாறுவதோ அவ்விடைப்பாதைதான்.

கணிப்பையே தொழிலாகக் கொண்டோர்க்கு, மேசென் எண்களைத் தேடுவோர் கைக்கொள்ளும் முறை கவனிக்கத்தக்கது. தன்னார்வலர்களின் கணனிகள் எந்நிலையிலுள்ளன என்பதை அவர்கள் அறியார். மிகைத்துடிப்பில் ஓடுபவை அவற்றுட் பல. ஆதலால் நெடுங்காலம் ஒவ்வோர் எண்ணையும் வெவ்வேறு இரு கணனிகளிற் சோதித்து, விடைகள் ஒத்திருந்தால் மாத்திரமே ஏற்றனர். 2017இல் றொபேட் கேர்பிச் என்பார் வேறொரு வழி காட்டினார். கணிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அதன் இடைநிலைப் பெறுமானங்களை ஒன்றோடொன்று பெருக்கிவைத்து, அப்பெருக்கம் பொருந்துகின்றதா என்று இடையிடையே பார்ப்பது அவ்வழி. மேலதிக நேரம் மிகச் சொற்பம். பிழை நேர்ந்திருந்தால், இறுதியாகப் பொருந்திய இடத்திற்குத் திரும்பி அங்கிருந்து மீண்டுந் தொடங்கலாம். உறுதியற்ற கணனியிலிருந்தும் நம்பத்தக்க விடையைப் பெறும் உபாயம் இது.